விருந்தாளிக்கு அடித்த கோழியை எங்கள் வீட்டுச் சாப்பாடாகக் கருதியது குறித்து

அனுப்புநர்:
மைலேசி சகாலா (லுசுங்குவின் தாய்),
மாவு மில்லுக்குப் பின்புறம், சிமுண்டா கிராமம்,
கிழக்கு மாகாணம், ஜாம்பியா.

பெறுநர்:
உயர்திரு வட்டார மக்கள் நல அலுவலர் அவர்கள்,
வட்டார அலுவலகம்.

பொருள்: என் மகளுக்கு வந்துகொண்டிருந்த சத்துணவு மூட்டையை நிறுத்தியது பற்றியும், அடுத்த முறை குழுவினர் வந்தால் நான் என்ன சமைப்பது என்று தெளிவுபடுத்தக் கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் வேலைப் பளுவுக்கு நடுவில் ஒரு கோழியைப் பற்றி எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். எப்படி யோசித்தாலும் விஷயம் அந்தக் கோழியில்தான் வந்து நிற்கிறது.

1. என் கணவர் டவுனில் சைக்கிள் டாக்சி ஓட்டுகிறார். அவர் அனுப்புவதில்தான் நானும் மூன்று பிள்ளைகளும் சாப்பிடுகிறோம். கடைசி மகள் லுசுங்கு சென்ற வறட்சியில் மிகவும் மெலிந்துபோனாள். கிளினிக்கில் எடை பார்த்த செவிலியர் திருமதி டெம்போ, அவளுக்கு மாதாமாதம் சோயா மாவும் பயறும் எண்ணெயும் அடங்கிய மூட்டை கிடைக்க ஏற்பாடு செய்தார். கூடவே எனக்குப் புத்தியும் சொன்னார். "வெறும் களி வயித்தை ரொப்பும், உடம்பைத் தேத்தாது லுசுங்கு அம்மா. காசில்லேன்னு மூக்கைச் சிந்தாதீங்க, கொல்லைப்பக்கம் போய்ப் பாருங்க" என்றார்.

2. அவர் சொன்னபடியே செய்தேன் ஐயா. பூசணி இலையை வேர்க்கடலைப் பொடி போட்டுச் சமைத்தேன். காய்ந்த பொடி மீனை இடித்துக் குழந்தையின் கஞ்சியில் கலந்தேன். மழை விட்டதும் பறந்த ஈசலைக்கூட விடவில்லை, வறுத்து வைத்தேன். தீட்டிய வெள்ளை மாவை விட்டுவிட்டுத் தவிட்டோடு அரைத்த மாவுக்கு மாறினேன். "இது கோழிக்குப் போடற மாவும்மா" என்று பெரியவன் முகத்தைச் சுளித்தான். மில்லில் என் வாளியைப் பார்த்து நாலு பேர் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று இருந்தேன். முட்டையிட எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பெட்டைக்கோழி. ஒரு முறை அடைக்கு வைத்தது போக, அதன் முட்டை முழுக்க லுசுங்குவுக்கு. அவளும் தேறி, பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்திருந்தாள்.

3. இந்த நிலையில், மூட்டை பெறும் வீடுகளைப் பார்வையிடத் தங்கள் குழுவினர் மூவர் வருவதாக முந்தின நாளே சொல்லி அனுப்பினார்கள். வந்தது சரியாக நடுப்பகலில். தாங்களும் இந்த மண்ணில் பிறந்தவர். நடுப்பகலில் வாசலில் வந்து நிற்கும் பெரியவர்களுக்குக் கீரையை வைத்து அனுப்பினால் அந்த வீட்டை ஊர் என்னவென்று பேசும் என்று தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் கோழியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அடித்துவிட்டேன்.

4. முறைப்படி குழுத் தலைவர் திரு. ஜெரே அவர்களுக்கு ஈரல்குலையும் கல்குடலும் வைத்தேன். "லுசுங்கு அம்மா, உங்க கைப்பக்குவமே தனி. இப்படிச் சாப்பிட்டு எத்தனை நாளாச்சு!" என்று விரலைச் சூப்பினார். உடன் வந்த அம்மையார் "எனக்குப் போதும், போதும்" என்று சொல்லிக்கொண்டே தொடையை எடுத்துக்கொண்டார். என் பிள்ளைகளுக்குக் கோழியின் பாதங்களும் குழம்பும் கிடைத்தன. வந்தவர்கள் மனம் நிறைந்து போனார்கள் என்று நானும் மகிழ்ந்தேன். பொய் சொல்லவில்லை ஐயா, உண்மையிலேயே மகிழ்ந்தேன்.

5. அடுத்த மாதம் மூட்டை வரவில்லை. அலுவலகத்துக்கு நடந்துபோய்க் கேட்டேன். "சாதாரண நாள்லயே மத்தியானம் கோழிக் குழம்பு வைக்கிற வீடாம். குழுவே கண்ணால பார்த்திருக்கு" என்றார் அங்கிருந்த தம்பி. குழு கண்ணால் மட்டுமா பார்த்தது? விருந்துக்கு அடித்தேன் என்று விளக்கினேன். "சமைச்சீங்களா, இல்லையா?" என்றார். சமைத்தேன் என்றேன். "அப்புறம் என்னம்மா?" என்றார். திரும்பி வந்துவிட்டேன்.

6. உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று சொல்ல என் வாய் கூசுகிறது. திரு. ஜெரே கெட்டவர் அல்லர். போகும்போது குழந்தையின் தலையைத் தடவிவிட்டுத்தான் போனார். ஆனால் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்து வீட்டு எஸ்னாத்தி, "கீரையைப் போட்டிருந்தா மூட்டை நின்னிருக்காது. உன்னை யாரு மகாராணி மாதிரி கோழி அடிக்கச் சொன்னா?" என்கிறாள். அன்று நான் கீரையைப் போட்டிருந்தால், 'வந்தவங்களுக்குக் கீரையைப் போட்டவ' என்று என்னைச் சாகும்வரை சொல்லிக்காட்டப் போகிறவளும் இதே எஸ்னாத்திதான்.

7. இப்போது மூட்டையும் இல்லை, முட்டையும் இல்லை. லுசுங்குவின் எடை மறுபடி இறங்கிவிட்டது. நின்றவள் உட்கார்ந்துவிட்டாள். "தினம் ஒரு முட்டை குடுங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!" என்று திருமதி டெம்போ கோபித்துக்கொண்டார். முட்டையிட்ட கோழியைக் குழுவினர் சாப்பிட்டுவிட்டார்கள் என்றேன். என்னை வெறித்துப் பார்த்தார். பிறகு குழந்தையைத் தராசிலிருந்து தூக்கி என்னிடம் கொடுத்தார். நன்றாகச் சாப்பிடச் சொல்வதும் அரசு, நன்றாகச் சாப்பிட்டாய் என்று நிறுத்துவதும் அரசு. இரண்டில் எதற்கு நான் கட்டுப்படுவது என்று பயமாக இருக்கிறது ஐயா. குழந்தை என் மடியில்தான் இளைக்கிறாள்.

ஆகவே, லுசுங்குவின் சத்துணவு மூட்டையை மீண்டும் வழங்க ஆவன செய்யுமாறு மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். அதற்காக மறுபடி பார்வையிட வேண்டுமானால் தாராளமாக வரட்டும். என் வாசல் யாருக்கும் அடைத்ததில்லை. ஆனால் ஒரு வேண்டுகோள். அன்று அடித்த கோழி அதற்கு முன்பே அடைகாத்துப் பொரித்த குஞ்சுகளில் ஒன்றே ஒன்று பருந்துக்குத் தப்பி வளர்ந்து, இப்போது முட்டையிடும் பருவத்துக்கு வந்திருக்கிறது. என் மகளுக்கு இனி அது ஒன்றுதான். எனவே குழுவினர் எந்த நாளில் வருகிறார்கள் என்பதைத் தயவுசெய்து எனக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டாம். தெரிந்தால் சமைத்துவிடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
மைலேசி சகாலா

இடம்: சிமுண்டா
நாள்: நவம்பர் 11