காட்டிக்கொடுத்த சின்னக்குட்டி

என் ருக்மணி அண்ணிக்கு,

சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை. போன இடத்திலும் யாரையாவது வம்புக்கு இழுத்துக்கொண்டு நன்றாகத்தான் இருப்பீர்கள். இங்கே நான் பட்ட அவமானத்தைச் சொல்லி உங்களைச் சிரிக்கவைக்கத்தான் எழுதுகிறேன்.

கோத்தகிரி கடைத்தெருவில் நீங்கள் வாங்கிவந்த ப்ளூடூத் ஸ்பீக்கர் நினைவிருக்கிறதா? "மொதல்ல போனோட பேர் பண்ணிக்குங்க" என்று கடைக்காரர் சொன்னார். ஜோடி சேர்ப்பதை அவர் இங்கிலீஷில் சொல்ல, நீங்கள் பெயர் வைப்பது என்று எடுத்துக்கொண்டீர்கள். வீட்டுக்கு வந்ததும் அதற்குக் குங்குமம் வைத்து, காதில் மூன்று தரம் "சின்னக்குட்டி" என்று சொன்னீர்கள். ஸ்பீக்கருக்குக் காது எது என்று நான் கேட்டதற்கு முறைத்தீர்கள். உங்கள் மகள் கவி சிரித்துச் சிரித்து, அதைத் தன் போனோடு சேர்த்து, அதிலும் அந்தப் பெயரையே போட்டுவிட்டாள்.

நீங்கள் போனபிறகு அதை யாரும் தொடவில்லை.

தேயிலை விலை படுத்துக்கிடக்கிறது அண்ணி. அண்ணன் கிளார்க்காக இருக்கும் ஃபேக்டரி வாரத்தில் மூன்று நாள்தான் ஓடுகிறது. அதுவும் எப்போது மூடுமோ என்ற பயத்தில், தாயில்லாப் பெண்ணை ஒரு நல்ல இடத்தில் சேர்த்துவிட வேண்டும் என்று நான்தான் பறந்தேன். கோயம்புத்தூரில் ஒரு வரன் வந்தது. கவியிடம் "சரிதானே?" என்றேன். "ம்" என்றாள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. நீங்களாக இருந்தால் அவள் முகத்தைப் பார்த்திருப்பீர்கள், இல்லையா?

போன ஞாயிறு பெண் பார்க்க வந்தார்கள். மங்களகரமாக நாதஸ்வரம் ஓடட்டும் என்று அண்ணன் சின்னக்குட்டிக்குச் சார்ஜ் ஏற்றிப் போட்டுவிட்டார். அது 'டொய்ங்' என்றதும் தன் போனோடு சேர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். அதுவோ பழைய பழக்கத்தில், அடுக்களையில் இருந்த கவியின் போனைத் தானாகவே பிடித்துக்கொண்டது. நாதஸ்வரம் அண்ணனின் சட்டைப்பையிலிருந்து சன்னமாக வந்தது.

அந்த நேரம் பார்த்துக் கவியின் தோழி சாந்தி போன் செய்தாள். உள்ளே கவி "ஹலோ, ஹலோ, ஒண்ணுமே கேக்கல" என்று கத்த, சாந்தியின் குரல் கூடத்தில் முழங்கியது.

"ஏன்டி, நர்சிங் சீட்டு கெடச்சத உங்கத்தைகிட்ட இன்னுமா சொல்லல? அடுத்த திங்கக்கெழம சேரோணும். வாயத் தொறக்காம கழுத்த நீட்டீட்டு, அப்பறம் எங்கிட்ட வந்து அழுகாத."

கடித்த வடையை மெல்ல மறந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். எனக்கு உயிரே போய்விட்டது. மாப்பிள்ளையின் அம்மாதான் முதலில் பேசினார்.

"ஏனுங்க, புள்ளைக்கு சீட்டு கெடச்சிருக்குதுங்களா? நல்ல சேதியத்தானுங்க சொல்லுது அந்தப் பொட்டி. மொதல்ல படிக்கட்டுமுங்க. எங்க பையன் எங்கயும் ஓடிப்போயிர மாட்டான்."

அந்தப் பையன் செந்தில், காது சிவக்கச் சிரித்தான். என்னவோ ஏதோ என்று ஓடிவந்த கவியிடம் போனை வாங்கிப் பார்த்தான். "இதுல சின்னக்குட்டின்னு இருக்குதுங்களே, அதத் தொட்டு 'மறந்துவிடு'ன்னு குடுத்தா இனி தானாச் சேராதுங்க" என்றான்.

கவி போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அது எங்கம்மா வெச்ச பேருங்க. மறக்கச் சொல்லாதீங்க."

அண்ணன் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அப்பச் செரிங்க. ப்ளூடூத்த மட்டும் அணைச்சு வெச்சுக்குங்க, வேணுங்கறப்பப் போட்டுக்கலாம்" என்றான் செந்தில். கெட்டிக்காரப் பையன்தான் அண்ணி. மற்றதைக் கவி படித்து முடித்துவிட்டுச் சொல்லட்டும்.

அவர்கள் போனதும், "எங்கிட்ட ஏஞ்சாமி சொல்லல?" என்று கேட்டேன். "நீங்க எனக்காகத்தான அலையறீங்க அத்தை. வேண்டான்னா உங்க மனசு நோகுமேன்னு" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழுதோம். பிறகு சாந்தியின் குரல் நினைவுக்கு வந்துவிட, வயிறு வலிக்கச் சிரித்து, மிச்ச வடையைத் தின்று தீர்த்தோம்.

நாளை திங்கட்கிழமை. கவி பெட்டியை மூன்று முறை பிரித்து அடுக்கிவிட்டாள். பாட்டு வேறு பாடுகிறாள், உங்களைப் போலவே சுதி இல்லாமல். முதல் பஸ்ஸில் மேட்டுப்பாளையம் இறங்கி, நானே கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன் அண்ணி. இனி அவள் விஷயத்தில் நானாக எதையும் முடிவு செய்ய மாட்டேன். முதலில் அவளைக் கேட்பேன். அவள் சொல்வது எனக்குப் பிடிக்காவிட்டாலும் கேட்பேன்.

உங்கள் மகளுக்கு அத்தை,
உங்களுக்கு என்றும் நாத்தனார்,
சரோஜா