உட்கார்ந்து செய்கிற வேலை

அக்கா,

கவிழ்த்து வைத்த கூடைக்குள் தணல் இருக்கிறது. மேலே விரித்த ஈரச் சேலையிலிருந்து புகையும் சீயக்காயும் கலந்த வாடை எழும்பி வீட்டை நிறைத்துவிட்டது. சாரல் பிடித்ததிலிருந்து வெயிலைக் கண்ணால் பார்க்கவில்லை. காலையில் கொடியில் போட்ட துணியை மாலையில் தொட்டால், போட்டபோது இருந்ததைவிட ஈரமாக இருக்கிறது. இந்த வாடை மூக்கில் ஏறியதும் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து காய் நறுக்குவது போலவே தோன்றிவிட்டது. சேலையைத் திருப்பிப் போடாமல் பாதியில் விட்டுவிட்டுத் தாளைத் தேடி எடுத்தேன். பத்தாயத்தின் மேல் தாளை வைத்து நின்றபடியே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு இன்னும் உட்கார வரவில்லை.

வீடு நிறைய ஆட்கள். தென்காசியில் வாக்கப்பட்ட பெண்ணுக்கு ஆனி பிறந்தால் புதிது புதிதாகச் சொந்தம் முளைக்கும் என்று சொல்லிச் சிரிப்பீர்களே, இன்னும் முளைத்துக்கொண்டுதான் இருக்கிறது. குற்றாலத்தில் வீடு எடுத்துத் தங்க வசதி உள்ளவர்கள்கூட, நம்ம வீடு இருக்கும்போது எதற்கு என்று ரயிலை விட்டு இறங்கி நேரே இங்கே வந்துவிடுகிறார்கள். காலையில் எண்ணெயும் சீயக்காயும் கொடுத்து வண்டி ஏற்றிவிட வேண்டும். அருவியில் நின்றுவிட்டு வருகிறவன் பசி சாதாரணப் பசியா? வண்டி தெருமுனை திரும்பும்போதே இலை போட்டிருக்க வேண்டும். கூடவே மூட்டை மூட்டையாக ஈரத்துணி வந்து இறங்கும். மூன்று மைல் தூரத்தில் இருந்துகொண்டு, சீசன் நாளில் நாம் இருவரும் அருவியைப் பார்த்தது அந்தத் துணியில்தான்.

நீங்கள் அதற்கெல்லாம் அசைந்தவர்கள் இல்லை. முதல் நாள் விளக்கு வைக்கும்போதே மறுநாள் முழுவதும் உங்கள் தலைக்குள் ஓடி முடிந்திருக்கும். விறகு வைகாசியிலேயே பரணில் ஏறியிருக்கும். மிளகாயும் மல்லியும் கடைசி வெயிலில் காய்ந்து இடிபட்டு ஜாடியில் இருக்கும். கைக்குழந்தைக்காரிகள் எந்த வண்டி, வயசாளிகள் எந்த வண்டி, யாருக்குக் கஞ்சி, யாருக்குப் பலகாரம் என்று யாரும் கேட்கும் முன்பே உங்களிடம் பதில் இருக்கும். நானோ அரிசியைக் களையப் போட்டுவிட்டு நடுவில் முற்றம் பெருக்கப் போவேன், பெருக்குமாற்றைப் போட்டுவிட்டு வெந்நீர் பார்க்கப் போவேன். செங்கோட்டைக்காரி காலில் சக்கரம் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள் என்று அத்தை, நம் மாமியார், வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்கள். நீங்கள் என் முந்தானையைப் பிடித்து நிறுத்துவீர்கள். “ஒன்ன முடிச்சிட்டு இன்னொன்னத் தொடுட்டி. வேல எங்கயும் ஓடிப் போவாது.”

உங்களுக்கு அப்போது இரண்டு தடவை கரு தங்காமல் போயிருந்தது. இரண்டு தடவையும் அத்தை சந்தோஷத்தில் தெருவெல்லாம் சொல்லி, பிறகு தெருவெல்லாம் வந்து துக்கம் விசாரித்தது. இழந்ததைவிட அந்த விசாரிப்புதான் உங்களை அதிகம் வாட்டியது என்று நான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு அத்தை விருதுநகரில் இருக்கும் தன் தம்பி மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். உங்கள் வீட்டுக்காரருக்கு, என் பெரிய அத்தானுக்கு, அவளை இரண்டாம் தாரமாகக் கட்டி வைக்கலாம் என்ற பேச்சு. ஒளித்துக்கூடப் பேசவில்லை. நீங்கள் ஆட்டுரலில் மாவு தள்ளிக்கொண்டிருக்கும்போதே பேசுவார்கள். பெரிய அத்தான் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அந்த மனுஷர் வாயைத் திறந்து ஒரு வார்த்தை மறுத்திருக்கலாம். எனக்கு இப்போது நினைத்தாலும் எரிகிறது.

மாதத்தில் மூன்று நாள் நாம் வீட்டுக்குத் தூரமாகிப் புறவாசல் சாய்ப்பில் ஒதுங்கியிருக்க வேண்டும். அடுக்களைக்குள் கால் வைக்கக் கூடாது, குடத்தைத் தொடக் கூடாது, சோற்றைக்கூடத் தள்ளித்தான் வைப்பார்கள். எனக்கு அது ஜெயில். உங்களுக்கு லீவு. தாலுகா கச்சேரி குமாஸ்தாவுக்கு ஞாயிற்றுக்கிழமை, நமக்கு இது என்று சொல்லிவிட்டுச் சுவரோரம் சுருண்டு படுத்துத் தூங்கிவிடுவீர்கள்.

அந்த வருஷம் ஆனியிலும் வழக்கமான நாளில் சாய்ப்புக்குப் போனீர்கள். வீட்டுத் துணியெல்லாம் தணலில் வாட்டுவது என் பொறுப்பு. தூரத்துணியை மட்டும் அவரவர் ஒரு சட்டியில் தணல் வாங்கிச் சாய்ப்பிலேயே உலர்த்திக்கொள்வது வழக்கம். அப்படி அடித்த சாரலில் நீங்கள் ஒரு நாளும் தணல் கேட்கவில்லை. உங்கள் துணிக்கு மட்டும் எந்த ஊர் வெயில் அடிக்கிறது அக்கா என்று கேலியாகத்தான் கேட்டேன். நீங்கள் புறவாசல் கதவைப் பார்த்தீர்கள், கிணற்றடியைப் பார்த்தீர்கள்.

“கத்தாதட்டி. எனக்கு நாள் தள்ளிப் போயிருக்கு.”

பெரிய அத்தானுக்குக்கூடச் சொல்லவில்லை என்றீர்கள். இந்தத் தடவை நிலைத்துவிட்டது என்று தெரிந்த பிறகு, ஆவணியில், ஒரேயடியாகச் சொல்லிக்கொள்ளலாம். அதுவரை மாதாமாதம் சாய்ப்பில் உட்கார்ந்தே ஆக வேண்டும், ஏனென்றால் நம் இருவர் நாளையும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தவர்கள் அத்தை. மூன்றாவதும் தங்காமல் போய் அது வெளியே தெரிந்தால், விருதுநகருக்கு ஆள் போய்விடும். காலை வாந்திக்குச் செங்கோட்டைப் பலாப்பழத்தின் மேல் பழியைப் போட்டாகிவிட்டது. எங்கள் ஊர்ப் பலாப்பழம் எத்தனை பாவத்தைச் சுமந்தது அந்த ஆனியில்!

சாய்ப்பை விட்டு உள்ளே வந்த அன்றே வீட்டு வேலை முழுவதையும் இரண்டாக வகுத்துவிட்டீர்கள். உட்கார்ந்து செய்கிற வேலை உங்களுக்கு, நின்று செய்கிற வேலை எனக்கு. காய் நறுக்குவது, உள்ளி உரிப்பது, அரிசியில் கல் பொறுக்குவது, வந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தலை பின்னுவது எல்லாம் உங்கள் பக்கம். தண்ணீர் இறைப்பது, சோறு வடிப்பது, உலக்கை பிடிப்பது, துணி அலசுவது என் பக்கம். ஆட்டுரல் உட்கார்ந்து செய்கிற வேலைதானே என்று நான் நியாயம் பேசினேன். வயிறு அழுந்தும் என்று அதையும் என் தலையில் கட்டினீர்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே அடுத்து என்ன, அதற்கடுத்து என்ன என்று நீங்கள் மெல்லச் சொல்லச் சொல்ல, நான் ஓடிக்கொண்டே இருந்தேன். மூத்தவள் உட்கார்ந்தே அதிகாரம் பண்ணுகிறாள் என்று ஒரு விருந்தாளி முணுமுணுத்தாளே, அன்று நாம் உள்ளிக் கூடைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு!

எல்லாவற்றையும் யோசித்தீர்கள், என் உடம்பைத் தவிர.

ஆடியில் உங்கள் நாள் வந்தது, சாய்ப்புக்குப் போய்விட்டீர்கள். அன்றைக்குப் பார்த்து விருதுநகர்க்காரர்கள் வந்து இறங்கினார்கள், அந்தப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு. பாவம், நல்ல பெண். எதற்காகக் கூட்டி வந்திருக்கிறார்கள் என்பது அவளுக்கே தெரியாது போலிருந்தது. எல்லோரும் அருவிக்குப் போயிருந்தார்கள். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது எனக்கும் தூரம் வந்துவிட்டது. அதற்கு இன்னும் பல நாள் இருந்தது. இழுத்த தண்ணீரும் தூக்கிய பானையும் முன்னால் தள்ளிவிட்டன.

சொன்னால் நானும் சாய்ப்புக்கு வந்து உங்கள் பக்கத்தில் உட்கார வேண்டும். அத்தனை பேருக்கும் அத்தை ஒருவரால் ஆக்க முடியாது. “இங்கன வந்து அடுக்களையப் பாரு தாயி” என்று காலையிலேயே அந்தப் பெண்ணிடம் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். கரண்டி அவள் கைக்குப் போகும், வந்தவர்கள் அவள் கைப்பக்குவத்தைப் புகழ்வார்கள், பந்தி முடிவதற்குள் பேச்சும் முடிந்துவிடும். நீங்கள் எழுந்து வந்து எனக்கு ஒன்றுமில்லை என்று சொன்னாலோ, மறைத்ததெல்லாம் சபையில் வெளிப்படும். குழம்பு பொங்கியது. நான் புறவாசலுக்கு ஓடி, கூரை இறவாணத்தில் செருகியிருந்த என் துணியை உருவிக்கொண்டு திரும்பினேன். நீங்கள் சாய்ப்பிலிருந்து பார்த்துவிட்டீர்கள். நான் மறுபடியும் அடுக்களைக்குள்ளேயே போவதையும் பார்த்தீர்கள்.

வந்தவர்கள் சாப்பிட்டார்கள். அத்தையும் சாப்பிட்டார்கள். குழம்பு நன்றாக இருக்கிறது என்று இரண்டாவது தடவை வாங்கிக்கொண்டார்கள். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவே இல்லை. கடைசி இலை உங்களுடையது. இரண்டாவது பிள்ளை தங்காததற்கு, தூரமான யாரோ ஒருத்தி தொட்ட தண்ணீரைக் குடித்துவிட்டதுதான் காரணம் என்று எத்தனை தடவை என்னிடம் சொல்லி அழுதிருக்கிறீர்கள்! அந்த உங்களுக்கு நான் எந்தக் கையால் சோறு வைப்பேன்? இலையைத் தள்ளி வைத்துவிட்டு, சாப்பிட வேண்டாம், கடையில் பொரியும் பழமும் வாங்கி வரச் சொல்கிறேன் என்றேன். நீங்கள் ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு இலையைப் பார்த்தபடி இருந்தீர்கள். பிறகு இலையை உங்கள் பக்கம் இழுத்தீர்கள்.

“பசிக்குதுட்டி. இன்னுங் கொஞ்சம் கொழம்பு ஊத்து.”

இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் அப்படியேதான். நீங்கள் சாப்பிட்டீர்கள், நான் பரிமாறினேன். விருதுநகர்க்காரர்கள் அருவியில் ஆசை தீரக் குளித்துவிட்டு, அந்தப் பெண் கையில் கரண்டி ஏறாததால் பேச வந்ததைப் பேச வாய்ப்பில்லாமல் ஊர் போய்ச் சேர்ந்தார்கள். ஆவணியில் நீங்கள் சொன்னீர்கள். அத்தை தம்பி மகள் பேச்சை அதோடு விட்டார்கள். மாசியில் உங்கள் மகள் பிறந்தாள்.

எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை, அக்கா. பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் என்றால் அந்தக் குழம்புதான் என்று நினைப்பேன். நடக்கத் தாமதமானபோது நினைத்தேன். கிணற்றடியில் வழுக்கி விழுந்து நெற்றியில் தழும்பானபோதும் நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் நீங்கள் என்னைத் திரும்பிப் பார்க்கிறீர்களா என்று உங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன். ஒருநாளும் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஒருவேளை நான் அழுது தீர்த்திருப்பேன். விஷக்காய்ச்சலில் நீங்கள் கிடந்தபோது, அன்றைக்குப் பயமாக இல்லையா என்று கேட்டுவிட வேண்டும் என்று தலைமாட்டிலேயே நின்றேன். நீங்களோ மகளுக்குத் தலை ஈரம் உலராமல் பள்ளிக்கூடம் அனுப்பாதே, எண்ணெய் தீரும் முன்பே செக்கடிக்குச் சொல்லிவிடு என்று வேலைதான் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அடுத்த மாதத்துக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.

அத்தையும் போய்விட்டார்கள். இப்போது இந்த வீட்டில் தூரம் பார்க்கிறவள் நான். எனக்கே வெட்கமாக இருக்கிறது. உங்கள் மகள் பெரியவளாகிய நாளிலிருந்து, ஒரு மாதம் தவறாமல் அவளைச் சாய்ப்புக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன். நேற்றும் அனுப்பினேன். இன்று காலையில் வண்டி கிளம்பிய பிறகு புறவாசலுக்குப் போனால், முழங்காலைக் கட்டிக்கொண்டு சாரலைப் பார்த்தபடி இருக்கிறாள். உங்களைப் போல அவளுக்குத் தூங்கத் தெரியவில்லை. என்னைப் போல இருப்புக் கொள்ளாத பிள்ளை. எனக்கு என்ன தோன்றியதோ, உள்ளே வந்து குழம்பைப் பார் என்று கூப்பிட்டுவிட்டேன்.

எழுந்து வாசல்படி வரை வந்தவள் அங்கேயே நின்றுவிட்டாள். “பாவம் இல்லியா சித்தி?”

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் பிறந்த நாளிலிருந்து அதைத்தானே நான் என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். தெரிந்ததை மட்டும் சொன்னேன்.

“நீ ஒன் அம்மை வயித்துல இருக்கையில, தூரத்தோட நான் ஆக்குன சோத்தத்தான் அவ தின்னா. நீயுந்தான் தின்ன.”

நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தாள். பிறகு படியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டாள், அக்கா.

இப்போது அடுப்பின் முன்னால் அவள் நிற்கிறாள். குழம்புக் கரண்டி அவள் கையில் இருக்கிறது. எனக்குப் பயம் விடவில்லை, விடும் என்றும் தோன்றவில்லை. அருவிக்குப் போனவர்கள் வருகிற நேரமாகிவிட்டது. இன்றைக்கு அவள் ஆக்கிய குழம்புக்கு முதல் இலையை எனக்குத்தான் போட்டுக்கொள்ளப் போகிறேன்.