பதினோராம் கேள்வி

ஸ்ரீரங்கம்
5-8-1961

அன்புள்ள லூர்துராணிக்கு,

மருதை மாமா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நீ கொடுத்த கேள்வித் தாள்களில் முதல் இருபதை நிரப்பி இன்று பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அறுபது வயது தாண்டியவர்களின் புகைப் பழக்கத்தையும் மனச்சோர்வையும் நீ ஆராய்கிறாய். நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவேடு எழுதி ஓய்வு பெற்ற நான் அதற்குப் பொருத்தமானவன்தானா என்ற சந்தேகம் இன்னும் தீரவில்லை. பெயர், வயது, தெரு ஆகியவற்றை முதல் நாளே வீட்டில் மையால் எழுதிக்கொண்டு போகிறேன். பழைய வழக்கம்.

சுருட்டைப் பற்றி ஆளுக்கொன்று சொல்கிறார்கள். உறையூர் வீரமலை, "டாக்டரம்மா விடச் சொன்னா விட்டுடறேங்க. காலையில வெளிக்குப் போறதுக்கு அவங்களே ஒரு வழி சொல்லிடட்டும்" என்றார். அதையும் அப்படியே எழுதியிருக்கிறேன். மன்னித்துக்கொள்.

பதினோராம் கேள்விதான் நெருடுகிறது. 'உயிரோடு இருந்து என்ன பயன் என்று தோன்றுவதுண்டா?' முன்பின் தெரியாதவர்களிடம் எப்படியோ கேட்டுவிட்டேன். இனி வருபவர்களில் தெரிந்த முகங்கள் உண்டு. விட்டுவிடலாமா? உன் அப்பா அமிர்தராஜின் பெயரும் பட்டியலில் இருபத்தேழாவதாக வந்திருக்கிறது.

அன்புள்ள,
மருதை மாமா


சென்னை
10-8-1961

அன்புள்ள மாமாவுக்கு,

தாள்கள் கிடைத்தன. உங்கள் கையெழுத்தை எங்கள் பிரிவில் எல்லோருக்கும் காட்டிப் பெருமைப்பட்டேன்.

பதினோராம் கேள்வியை விடக் கூடாது. அச்சிட்டிருப்பது போலவே கேளுங்கள். பதில் வராவிட்டால் கட்டத்தைக் காலியாக விடுங்கள். ஊகித்து எதையும் எழுத வேண்டாம்.

ஒரு செய்தி. அப்பாவிடம் இப்போது சொல்ல வேண்டாம். லண்டனில் இரண்டு வருஷ மேற்படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. அம்மா போனபின் காட்டூர் வீட்டில் அப்பா தனியாக இருக்கிறார். கடிதம் போட்டால் மழை பெய்தது, கோழி முட்டையிட்டது என்று நான்கு வரி வருகிறது. மனத்தில் இருப்பதை என்னிடம் சொல்ல மாட்டார். முசிறிப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த உங்களிடம் சொல்லுவார். முறையில்லைதான், ஆனாலும் இருபத்தேழாம் தாளைப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்யப் போகிறேன்.

உங்கள்,
லூர்து


ஸ்ரீரங்கம்
24-8-1961

அன்புள்ள லூர்துவுக்கு,

இருபத்தொன்று முதல் நாற்பது வரை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அமிர்தராஜைப் பார்த்தேன். நாளைக்கு நான்கு சுருட்டு. தூக்கம் பரவாயில்லை. பதினொன்றுக்கு 'இல்லை'.

வெயிலில் அலைந்ததில் தலைசுற்றல். அதனால் சுருக்கமாக முடிக்கிறேன்.

மருதை மாமா


சென்னை
30-8-1961

அன்புள்ள மாமா,

அந்த 'இல்லை'யை எத்தனை முறை பார்த்தேன் தெரியுமா? அன்றே லண்டனுக்குச் சம்மதம் எழுதிவிட்டேன். அக்டோபர் ஆறாம் தேதி பம்பாயிலிருந்து கப்பல். அப்பாவுக்கும் எழுதினேன். 'நல்லது, போய் வா' என்று ஒரு வரி வந்தது. புறப்படுமுன் ஒரு நாள் வந்து விடைபெற்றுக்கொள்வேன்.

நீங்கள் மட்டும் இல்லாவிட்டால் எனக்கு இந்தத் தைரியம் வந்திராது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெயிலில் குடையில்லாமல் போகாதீர்கள்.

லூர்து


ஸ்ரீரங்கம்
15-9-1961

லூர்தும்மா,

இதை நான்காம் முறையாக எழுதுகிறேன். நேற்று தந்தி ஆபீசுக்கும் போனேன். படிவத்தில் உன் முகவரியை எழுதியதற்கு மேல் கை ஓடவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

இருபத்தேழாம் தாளில் இருக்கும் 'இல்லை' உன் அப்பா சொன்னதல்ல. காட்டூருக்குப் புறப்படுமுன் வீட்டிலேயே நான் எழுதியது. கேட்கக் கூச்சப்பட்டு, தெரிந்தவர்களின் தாள்களில் பெயரோடு அதையும் முன்கூட்டியே எழுதிவிட்டேன். நீ அவ்வளவு தெளிவாக எழுதிய பிறகும் இதைச் செய்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். என்னைக் கண்டதும், "வாடா மருதை, என்னைய இறப்புல எழுத வந்துட்டியா?" என்றான். சுருட்டுப் பிடித்தால் புற்றுநோய் வரலாம் என்கிறார்களே, அதைப் பற்றி என்ன நினைக்கிறாய் என்ற கேள்வியைப் படித்தேன். "வரட்டும்டா. இந்த வீட்டுக்கு வேற யாரு வர்றா?" என்றான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. அடுப்பு எரிந்து இரண்டு நாளாவது ஆகியிருக்கும். சாப்பிட்டாயா என்று கேட்டேன். "ஒருத்தனுக்காக என்னத்தப் பத்த வைக்கிறது? சுருட்டு பத்த வச்சாச்சு, போதும்" என்றான்.

பதினொன்று வந்தபோது என் 'இல்லை' காய்ந்திருந்தது. முப்பத்திரண்டு வருஷம் ஓர் அடித்தல் இல்லாமல் பதிவேடு எழுதியவன் நான். அடித்து எழுத மனம் வரவில்லை. தாளை மடித்துப் பையில் வைத்தேன். "அவ்வளவுதானா?" என்று கேட்டான். அவ்வளவுதான் என்றேன்.

கூச்சம் என்று மேலே எழுதினேன். அதுவும் முழு உண்மையல்ல. நான் கேட்டால் அவன், "உனக்கு எப்படிடா?" என்று திருப்பிக் கேட்பான். அவனிடம் என்னால் பொய் சொல்ல முடியாது.

உன் சந்தோஷக் கடிதம் வந்து இரண்டு வாரம் பேசாமல் இருந்தேன். எதை மன்னித்தாலும் அதை மன்னிக்காதே. கேட்காமல் எழுதிய தாள்கள்: 22, 24, 27, 28, 31, 33, 36, 39.

மருதை


காட்டூர்
20-9-1961

திரு. மருதை அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்றே ரயிலேறினேன். அப்பாவின் சட்டை தோளில் நிற்காமல் தொங்குகிறது. லண்டனுக்கு வர இயலாது என்று எழுதிவிட்டேன். அடுத்த வருஷம் கேட்டுப் பார்க்கலாம் என்கிறார்கள். எனக்கு நம்பிக்கையில்லை.

எட்டுத் தாள்களையும் நீக்கிவிட்டேன். எழுதாத தாள்களைத் தபாலில் அனுப்பிவிடுங்கள். வேலையை முடிக்க வேறொருவர் வருவார்.

பதினோராம் கேள்வியை நேற்று அப்பாவிடம் நானே கேட்டேன். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அதான் மருதை அன்னைக்கே கேட்டானே. இல்லைன்னு சொன்னேன். அவன் எழுதலையா?" என்றார். உங்கள் கடிதம் என் கைப்பையில்தான் இருந்தது. அதை வெளியே எடுக்கவில்லை.

அப்பாவை என்னோடு சென்னைக்கு அழைத்துப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை ரயில். அதற்குமுன் உங்களைப் பார்க்க வேண்டும் என்கிறார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாருங்கள். அப்போது நான் வீட்டில் இருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
அ. லூர்துராணி