நாலு மணிக்குப் பிறகு வந்த ஓட்டு

கார்த்திகை 2, திங்கள்

தண்ணி நாள். மூன்று நாளைக்கு ஒரு தடவை வருவது, இன்றும் ஒன்பது மணிக்குத்தான் வந்தது. கீழத்தெருப் பொம்பளைகள் அத்தனை பேரும் ஐந்து மணி ஜீப்பிலேயே மலைக்கு ஏலக்காய் எடுக்கப் போயாச்சு. குழாயடியில் நின்றதெல்லாம் யூனிபாரம் போட்ட பிள்ளைகள். என் பேத்தி சுஜிதா எட்டுக் குடம் பிடித்து வைத்துவிட்டு ஓடினாள். ஒன்பதே காலுக்கு மணியடிக்கிற பள்ளிக்கூடத்துக்குப் பத்து மணிக்குப் போனால்? முதல் பாடம் முழுக்க வெளியே நின்றாளாம். ஐப்பசியிலிருந்து இது ஏழாவது தடவை. இடுப்பு விட்டுப்போனதிலிருந்து என்னால் ஒரு குடம் தூக்க முடியவில்லை. இல்லாவிட்டால் அந்தப் பிள்ளையை ஏன் நிறுத்தப்போகிறேன்.

கார்த்திகை 5, வியாழன்

பிரசிடெண்ட் சீட்டு இந்தத் தடவை பொம்பளைக்கு. ஐந்து வருடம் பிரசிடெண்டாக இருந்த லிங்கேஸ்வரன் இப்போது பொண்டாட்டி கார்த்திகாவை நிறுத்துகிறான். அந்தப் பிள்ளை நல்ல பிள்ளைதான், வாயே திறக்காது. திறப்பதெல்லாம் இவன்.

சாயந்திரம் ஜீப்பிலிருந்து இறங்கியதும் என் மருமகள் முத்துப்பிரியா சொன்னாள்: “அத்தே, நான் நிக்கப்போறேன். சாலையும் வேணாம், லைட்டும் வேணாம். காலையில நாலு மணிக்குத் தண்ணி. அது ஒண்ணுதான்.”

என் மகன் கோட்டைச்சாமி அந்த ஜீப்பை ஓட்டுகிறவன். டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, “நாலு மணிக்கு வால்வைத் திருப்ப ஆளு எந்திரிக்கணுமே” என்றான்.

“நீ எந்திரிக்கிறேல்ல?”

அவன் அடுத்த டயருக்குப் போய்விட்டான்.

கார்த்திகை 9, திங்கள்

ஊருக்கென்று போனில் ஒரு குழு இருக்கிறது. நூற்றெண்பத்து மூன்று பேர். முத்துப்பிரியாவின் பழைய போன் என்னிடம் இருப்பதால் நானும் அதில் ஒருத்தி. நான் மூணாவது வரை படித்தவள், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் வாசித்தது போகாது. இவர்கள் எழுதிவிட்டு அழித்துவிடுகிறார்கள். அழித்தால் அழிந்துவிடுமா? நான் இங்கே எழுதி வைக்கிறேன்.

சிங்கப்பூரிலிருந்து பிரேம்சிங்: “ஏலக்காய் பறிக்கிறவளுக்கு நிர்வாகம் என்ன தெரியும்?” பத்து நிமிடத்தில் அழித்தான். இவன் பிறந்தபோது இவன் ஆத்தாளுக்குப் பால் சுரக்காமல் என் வீட்டு ஆட்டுப்பால் குடித்து வளர்ந்தவன்.

லிங்கேஸ்வரன்: “தண்ணி அரசாங்க நேரப்படி வருகிறது. சிலர் பொய் பரப்புகிறார்கள்.” இதை அழிக்கவில்லை.

முத்துப்பிரியா பதில் போட்டாள்: “அரசாங்க நேரம்னா எந்தக் கடுதாசியில இருக்கு, போட்டோ போடுங்கண்ணே.” அதற்குக் கீழே ஒருத்தன் ரோசாப்பூப் படம் போட்டு இனிய காலை வணக்கம் என்றான். அதற்குக் கீழே இருபது பேர் வணக்கம். கடுதாசி வரவில்லை.

கார்த்திகை 12, வியாழன்

திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் அருள்பாண்டிதான் குழுவின் அட்மின். அவன் ஒரு திட்டம் போட்டிருக்கிறான். ஊர் இரண்டாகப் பிரிய வேண்டாம். குழுவிலேயே ஓட்டு. கார்த்திகாவுக்கு 1, முத்துப்பிரியாவுக்கு 2. ஒரு போனுக்கு ஒரு ஓட்டு. வருகிற வெள்ளியல்ல, அடுத்த வெள்ளி, காலை பத்து முதல் சாயந்திரம் நாலு வரை. ஜெயித்தவள் மட்டும் நெசத் தேர்தலுக்கு மனு போடுவாள்.

முத்துப்பிரியா கேட்டாள், “அண்ணே, பத்துலேர்ந்து நாலு வரைக்கும் எங்காளுக எல்லாம் மலைக்குள்ள இருப்போம். போடிமெட்டு வளைவுக்கு எறங்கி வந்தாத்தான் டவர் கெடைக்கும். ராத்திரிக்கு வைங்க.”

லிங்கேஸ்வரன்: “ராத்திரி வச்சா குடிச்சிட்டு ஓட்டுப் போடுவானுக.”

சிரிக்கிற பொம்மை முப்பத்தெட்டு. எண்ணினேன்.

ஞாயிற்றுக்கிழமை வை என்றாள். ஞாயிறு கல்யாண முகூர்த்தமாம். கல்யாண வீட்டில் போன் எடுக்காதா? அங்கேதான் எல்லாரும் போனைத் தவிர வேறு எதையும் பார்ப்பதில்லை.

கார்த்திகை 15, ஞாயிறு

காளியம்மன் கோயிலில் சத்தியம். தோற்றவள் தரப்பில் யாரும் மனு போடக் கூடாது என்று இரண்டு பேரும் கற்பூரத்தை உள்ளங்கையால் அணைத்தார்கள். கார்த்திகா புருசனைத் திரும்பிப் பார்த்துவிட்டுத்தான் அணைத்தாள். முத்துப்பிரியா யாரையும் பார்க்கவில்லை. அதை அருள்பாண்டி போட்டோ எடுத்துக் குழுவில் போட்டான். சத்தியம் செய்ய மட்டும் திருப்பூரிலிருந்து பஸ்சு ஏறி வரத் தெரிகிறது.

ஏண்டி ஒத்துக்கிட்டே என்று கேட்டேன். “ஒத்துக்கலேன்னா ஊரைப் பிரிக்கிறான்னு பேசுவாக அத்தே. கீழத்தெருவுல வீட்டுல இருக்கிற ஆம்பளைக, காலேசுப் பிள்ளைக எல்லாம் ரெண்டு போடும். தாண்டிருவோம்.”

கார்த்திகை 17, செவ்வாய்

மளிகைக் கடை ஜெபமணி அண்ணாச்சி வீட்டுக்கே வந்தார். உட்காரவில்லை. அப்போதே தெரிந்தது, யாரோ சொல்லி அனுப்பியது என்று.

“ஜக்கம்மா சொல்லச் சொன்னுச்சு. அவுக வீட்டுல பதினோரு போனு இருக்காம். பதினொண்ணும் உங்க மருமகளுக்குத்தானாம்.”

“சரி, அதுக்கு?”

“நீங்க ஒரு நட அவுக வாசலுக்கு வந்து, ஒரு வார்த்த கேக்கணுமாம்.”

நான் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

இருபத்தாறு வருடம் முன்னால் ஆவணி மாதம். ஜக்கம்மாள் புருசனுடைய ஜீப்பு, பிரேக் பிடிக்காத ஜீப்பு, ஏலக்காய் மூட்டையோடு பதினாலாவது வளைவில் கவிழ்ந்தது. ஓட்டியவர் என் வீட்டுக்காரர். அவரை வாசலில் கிடத்தியிருக்கிறது. அவள் வந்து நின்று, கூட்டம் கேட்க, “குடிச்சிட்டு ஏறியிருப்பான்” என்றாள். பச்சைச் சேலை கட்டியிருந்தாள். அவரோ வெற்றிலையைத் தவிர ஒன்றையும் தொடாத மனுசன். அந்த ஒரு வார்த்தையால் ஜீப்பின் மேல் ஒரு குற்றமும் இல்லாமல் போனது. அன்றிலிருந்து ஒரே தெருவில் இருக்கிறோம். அவள் முகத்தை நான் பார்த்ததில்லை.

கார்த்திகை 18, புதன்

முத்துப்பிரியா கேட்டாள், ஒரு நடை போய்விட்டு வாங்க என்று. சுஜிதாவுக்காக என்று கேட்டாள். கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் கோபப்பட்டிருப்பேன்.

கார்த்திகை 19, வியாழன்

போனேன். பதினோரு மணிக்கு, தெருவில் யாருமில்லாத நேரம் பார்த்துப் போனேன். அவள் வாசல் வரைக்கும். செருப்பைக் கழற்றினேன்.

உள்ளே சிரிப்புச் சத்தம். அவள் குரல் எனக்குத் தெரியும், இருபத்தாறு வருடமானாலும். எதற்குச் சிரித்தாளோ. டிவியைப் பார்த்துச் சிரித்திருக்கலாம். அப்போது தோன்றவில்லையே. என்னைத்தான்னு நெனச்சேன். கெழவி வந்துட்டா பாருன்னு சிரிக்கிறா. செருப்பைக்கூடப் போடாம கையில எடுத்துக்கிட்டு வந்துட்டேன்.

வந்து உட்கார்ந்து போனை எடுத்தேன். சுஜிதா சொல்லிக்கொடுத்திருக்கிறாள், மைக் படத்தை அழுத்திப் பிடித்துப் பேசினால் போகும். அழுத்தினேன். “ஜக்கம்மா, என் புருசன் பொணத்துக்கு முன்னால நின்னு குடிகாரன்னு சொன்ன வாயி ஒன்னோடது. பிரேக்கு இல்லாத ஜீப்பைக் குடுத்துக் கொன்னுட்டு, பழியையும் செத்தவன் மேலயே போட்டீக. ஒன் பதினோரு ஓட்டை நீயே வச்சுக்க.” இன்னும் பேசினேன். எல்லாம் எழுத மாட்டேன். விரலை எடுத்ததும் போய்விட்டது. நூற்றெண்பத்து மூன்று பேருக்கும்.

கொஞ்ச நேரம் நிம்மதியாகத்தான் இருந்தது. பொய் எழுதக் கூடாது. நிம்மதியாக இருந்தது.

கார்த்திகை 20, வெள்ளி

பத்து மணிக்குத் தொடங்கியது. முதல் ஓட்டு ஜக்கம்மாளின் பெரிய பேரன். “எங்க வீட்டுல பதினோரு பேரும் 1.” சொன்னபடி ஒன்று, ஒன்று, ஒன்று என்று பதினோரு தடவை விழுந்தது. ஒவ்வொன்றுக்கும் போன் என் கையில் துடித்தது.

நான் 2 போட்டேன். சுஜிதா தண்ணி பிடித்துவிட்டு அப்போதுதான் பள்ளிக்கூடம் கிளம்பினாள். “எவ்வளவு அப்பத்தா?” “நீ போ வெரசா.”

நாலு மணி. அருள்பாண்டி போட்டான்: கார்த்திகா 74, முத்துப்பிரியா 68.

ஆறு ஓட்டு. பதினொன்று இந்தப் பக்கம் வந்திருந்தால் எவ்வளவு என்று எனக்குக் கூட்டத் தெரியும். மூணாவது படிப்புக்கு அது போதும்.

நாலு நாற்பதுக்கு ஜீப்பு போடிமெட்டு வளைவுக்கு இறங்கியிருக்க வேண்டும். முன்னும் பின்னும் மற்ற ஜீப்புகளும். போன் கத்த ஆரம்பித்தது. 2. 2. 2. 2. கிருபாராணி 2. பேச்சியம்மா 2. யார் யாரோ 2. முப்பத்தொன்பது வந்தது. காலையிலேயே மலைக்குள் உட்கார்ந்து போட்டு வைத்தது, டவர் கிடைத்த பிறகு புறப்பட்டு வந்திருக்கிறது.

அருள்பாண்டி: “நேரம் முடிந்தது. தாமதமாக வந்தவை செல்லாது. இனி அட்மின் மட்டுமே பதிவிட முடியும்.”

பூட்டிவிட்டான்.

கார்த்திகை 21, சனி

நேற்று யாரும் என்னைத் திட்டவில்லை. முத்துப்பிரியா சோற்றைப் போட்டாள், குழம்பை ஊற்றினாள், அப்பளம் வேண்டுமா என்று கேட்டாள். என் குரலை வியாழன் சாயந்திரமே அந்த வளைவில் ஜீப்பு பூராவும் கேட்டிருக்கிறார்கள்.

கோட்டைச்சாமிதான் கை கழுவும்போது சொன்னான். “இருவத்தாறு வருசம் மனசுக்குள்ள வச்சிருந்தீக. இன்னும் ஒரு நாளு வச்சிருக்கக் கூடாதா ஆத்தா.”

சுஜிதா சாப்பிடாமல் படுத்துவிட்டாள்.

கார்த்திகை 24, செவ்வாய்

ஜீப்புப் பொம்பளைகள் பதினான்கு பேர் வந்தார்கள். “குழுவாவது மசுராவது. நெசமான ஓட்டுக்கு மனு போடு. நாங்க கீழத்தெரு பூராம் இருக்கோம்” என்றார்கள்.

முத்துப்பிரியா மாட்டேன் என்றாள். கற்பூரம் அணைத்த கை.

கிருபாராணி சொன்னாள், “நான் வேதக்காரி, சர்ச்சுக்குப் போறவ. எனக்குக் கற்பூரம் கெடையாது. நான் போடுறேன் மனு.” எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

“எங்க தரப்புல யாரும் போட மாட்டோம்னு சொல்லித்தான் அணைச்சேன் கிருபா.”

“சாமி உங்க சாமி. என்னைய ஒண்ணுஞ் செய்யாது.”

கோட்டைச்சாமி வாசலில் நின்றபடியே சொன்னான், “ஒன்னைய செய்யாதுக்கா. ஸ்டேரிங்கப் பிடிக்கிறவன் நானு. பின்னால பதினாலு பேரு உக்காந்திருக்கீக. ஒரு நாளு ஒரு வளவுல டயரு ஒரு இஞ்சு வழுக்குனாலும், அன்னைக்கு எல்லார் மனசுலயும் என்ன வரும்?”

காப்பி குடித்துவிட்டுப் போனார்கள்.

கார்த்திகை 30, திங்கள்

மனு போடக் கடைசி நாள். நானே மனு போடலாம் என்று, யாருக்கும் சொல்லாமல் பஸ்சு ஏறிப் போடிக்குப் போனேன். ஆதார் கார்டு, ஓட்டுக் கார்டு எடுத்துக்கொண்டேன். சத்தியத்தை மீறின பாவம் விழுந்தால் என் தலையில் விழட்டும், கெடுத்தவள் நான்தானே என்று நினைத்தேன். என்னை யாரும் தரப்பு என்று எண்ணியிருக்க மாட்டார்கள் என்றும் நினைத்தேன்.

அங்கே இருந்த பெண் நல்ல மாதிரிதான் பேசியது. “முன்மொழிய உங்க ஊர்க்காரங்க ஒருத்தர் கையெழுத்து வேணும் பாட்டி. கூட யாரு வந்திருக்கா?”

யாரும் வரவில்லை. மூன்று மணி. ஜெபமணி அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். “கடையில லோடு எறங்குது ஆத்தா” என்றார். பிறகு, “உங்க பையன் ஓட்டுற ஜீப்புல என் தங்கச்சி மகளும்தான் போறா” என்றார்.

வேப்பமரத்தடியில் ஐந்து மணி வரை உட்கார்ந்திருந்தேன். யாருக்குக் காத்திருந்தேன் என்று கேட்டால் தெரியாது. ஐந்து மணிக்குக் கதவைச் சாத்தினார்கள்.

மார்கழி 3, வியாழன்

கார்த்திகா போட்டியின்றித் தேர்வு. லிங்கேஸ்வரன் வெடி போட்டான். அவன் கழுத்தில்தான் மாலை.

மார்கழி 9, புதன்

சுஜிதாவின் கணக்கு டீச்சர் கடுதாசி கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். வருகை குறைகிறதாம், இப்படியே போனால் பெயரை எடுத்துவிடுவோம் என்று. முத்துப்பிரியா வாசித்துவிட்டு அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

மார்கழி 14, திங்கள்

மற்ற பதவிகளுக்கு இன்று ஓட்டு. மலையில் லீவு விட்டதால் பொம்பளைகள் எல்லாம் ஊரில் இருந்தார்கள். பள்ளிக்கூடத்து வராந்தாவில் பெரிய வரிசை. ஒன்பது மணிக்குத் தண்ணி வந்துவிட்டது என்று யாரோ கத்த, வரிசை கலைந்தது. குடத்துக்கு ஓடினார்கள். கடைசியில் நின்றது குடம் தூக்க முடியாத இரண்டு பேர். நான். எனக்கு முன்னால் ஜக்கம்மாள்.

அவள் முதுகு என்னைவிடக் கூனியிருக்கிறது. எனக்குத் தெரியாது.

உள்ளே வார்டு மெம்பருக்கு ஒரு சீட்டு, யூனியனுக்கு ஒன்று, மாவட்டத்துக்கு ஒன்று கொடுத்தார்கள். “பிரசிடெண்டுக்கு ரோஸ் சீட்டு ஒண்ணு உண்டே” என்று கேட்டேன். “உங்க ஊர்ல அதுக்குப் போட்டி இல்லையே பாட்டி” என்றார் ஆபீசர். முத்திரையை எங்கே குத்தினேன் என்று நினைவில்லை. எனக்கு நினைவில்லாதது இது ஒன்றுதான்.

வெளியே வந்தால் அவள் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். என்னைப் பார்த்து, “ஒனக்காச்சும் குடுத்தாகளா, அந்த ரோஸ் சீட்டு?” என்றாள்.

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினேன். அதற்கே எனக்குக் கழுத்து நோகிறது.

வீட்டில் முத்துப்பிரியா குடங்களை நிறைத்து வைத்திருந்தாள். சுஜிதா இன்று குழாயடிக்குப் போக வேண்டியிருக்கவில்லை. அரையாண்டு லீவு, பத்து மணி வரை தூங்கினாள். பள்ளிக்கூடம் வியாழக்கிழமை திறக்கிறது. வியாழன் தண்ணி நாள்.