தாராக்களுக்கு ஒரு வயல்

மில்லிக்கன்
கனடா
18.06.1995

அன்புத் தங்கை றோஸ்மேரிக்கு,

நீயும் அம்மாவும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். வரவர நீ எழுதுவது குறைகிறது. தபால்காரனை யன்னலால் பார்த்துப் பார்த்து அவன் எனக்குக் கையசைக்கப் பழகிவிட்டான்.

மார்க்கம் நகருக்கு வடக்கே ஒரு பண்ணையில் வேலை கிடைத்திருக்கிறது. நம் வீட்டில் முதன்முதல் பட்டம் பெற்றவள் சேற்றில் நிற்கிறாள் என்று அம்மாவிடம் சொல்லிவிடாதே. நேற்றுக் குளத்தோரச் சேற்றில் மில்லெற் விதைத்தோம். நம் சாமை மாதிரிச் சின்ன மணி. அறுவடை எப்போது என்று துணிந்து கேட்டேன். அறுப்பதே இல்லையாம். கதிர் முற்றியதும் தண்ணீரைத் திறந்துவிடுவார்களாம். எல்லாம் குளத்துக்கு வரும் காட்டுத் தாராக்களுக்காம். மேற்கொண்டு கேட்க என் ஆங்கிலம் வாயைவிட்டு வரவில்லை. பறவைகளுக்கென்று ஒரு வயலையே நேர்ந்துவிட்டிருக்கிறார்கள், பார்த்தாயா!

இவருடைய தம்பி அலெக்ஸாண்டரின் சம்பந்தத்துக்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை. நல்ல வேலை, சொந்தக் கார். நீங்கள் மேல்மாடியில் இருக்கலாம், நாங்கள் கீழே. ஓம் என்று எழுது.

அன்பு அக்கா,
அன்ரனெற்

வத்தளை
09.07.1995

அன்புள்ள அக்கா,

அம்மா அயலெல்லாம் "கனடா மாப்பிள்ளை" என்று சொல்லித் திரிகிறா. எனக்கு ஆசிரிய நியமனம் வந்திருக்கிறது. ஒக்ரோபர் முடியுமுன் பொறுப்பேற்க வேண்டும். இரண்டில் ஒன்றுதான்.

அவருடைய படத்தைப் பார்த்தேன். சிரிக்கவேயில்லை. "படம் பிடிச்சவன் பகிடி விடயில்லைப் போல" என்றா அம்மா. எனக்கு அவர் ஒரு வரிகூட எழுதவில்லையே, ஏன் அக்கா?

நீங்கள் சொன்னால் வருகிறேன். வேறு ஒருவரையும் கேட்கமாட்டேன்.

றோஸ்மேரி

மில்லிக்கன்
01.10.1995

தங்கச்சி,

உன் கடிதத்துக்கு இத்தனை நாளும் பதில் எழுதாமல் வைத்திருந்தேன்.

நேற்றுக் காலை பண்ணைக்குப் போனபோது தாராக்கள் வந்திருந்தன. தண்ணீருக்கு மேலே கதிர்கள் தலைகுனிந்து நிற்க, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தின்றன. வேலியோரம் நின்று தனியே சிரித்துக்கொண்டிருந்தேன். நாணலுக்குள்ளிருந்து வெடிச்சத்தம் கேட்டது. யாழ்ப்பாணத்தில் பழகிய உடம்பு. அப்படியே குப்புற விழுந்துவிட்டேன். துவக்கும் கையுமாக ஓடிவந்தவர்கள்தான் தூக்கிவிட்டார்கள். ஒருவரின் இடுப்பில் தாராக்கள் தொங்கின.

கூட்டிப்போக வந்த இவர் காரில் சிரித்தார். "சும்மா ஆரும் தாராவுக்கு வயல் விதைப்பினமோ? கம்பஸில என்னதான் படிச்சனீரப்பா?"

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை எடுத்து மறுபடி வாசித்தேன்.

றோஸ்மேரி, வராதே. அலெக்ஸாண்டர் மோர்னிங்சைட்டில் ஒரு பெண்ணோடு குடும்பமாக இருக்கிறான். ஊர்ப்பெண் வந்தால் அவளை விட்டுவிடுவான் என்பது அவனுடைய தாய், என் மாமியின் எண்ணம். "உன்ர தங்கச்சி உன்ர சொல்லைத்தான் கேப்பாள், நீயே எழுது" என்றா. இந்தச் சம்பந்தத்தைப் பற்றி உனக்கு முதல் கடிதம் எழுதும்போதே எனக்கு இது தெரியும். இவர் வேலைக்குப் போனபின் இந்த வீட்டில் என் குரலை நானே கேட்பதில்லை. எப்படியாவது நீ வந்துவிட்டால் போதும் என்றிருந்தது.

நியமனத்தை ஏற்றுக்கொள்.

அன்ரனெற்

வத்தளை
22.10.1995

அக்கா,

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பொறுப்பேற்றேன். அம்மா என்னோடு கதைப்பதில்லை. காரணத்தை நான் சொல்லவில்லை, சொன்னால் உங்களைத் திட்டுவா.

உங்கள் பட்டமளிப்புப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். திரும்ப மாட்ட மனம் வரவில்லை.

கொஞ்சக் காலம் எனக்கு எழுதவேண்டாம். முடிகிறபோது நானே எழுதுகிறேன்.

குளிர் தொடங்கியிருக்கும். காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள்.

றோஸ்மேரி