ஒரு வரியும் நீக்கப்படாது

பிப்ரவரி 4

அன்புத் தங்கைக்கு,

நலம், அங்கும் அவ்வாறே என நம்புகிறேன். விற்பனை ஒப்பந்தத்தைத் திருத்தி இணைத்துள்ளேன். குடியிருப்போர் தத்தம் வாடகை வீடுகளைப் பற்றித் தாங்களே எழுதும் உன் இணையதளத்தை, வீடு கட்டி வாடகைக்கு விடும் நிறுவனம் ஏன் இத்தனை ஆசையாகக் கேட்கிறது என்று வியந்திருந்தாய். எந்தத் தெருவில் தண்ணீர் வராது, எந்த வீட்டார் கிளம்பப் பார்க்கிறார்கள் என்று நாற்பதாயிரம் பேர் சம்பளமின்றித் துப்புச் சொல்கிறார்கள். கரும்பு தின்னக் கூலி கேட்பார்களா?

உறுப்பினர்களின் நலனுக்காக ஏழாம் பிரிவைச் சேர்த்தேன்: "எந்தப் பதிவிலும் ஒரு வரியும் நீக்கப்படாது." மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டார்கள். நீ இரண்டாண்டு மேற்பார்வையாளராகத் தொடர்வாய். அக்காலத்தில் எந்த உறுப்பினரையும் தனியே தொடர்புகொள்ளக் கூடாது. மீறினால் பெற்ற தொகை முழுவதையும் திருப்பித் தர நேரும். மற்றபடி நிம்மதியாகக் கையெழுத்திடு.

உன் அண்ணன்


ஏப்ரல் 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

காகிதத்தில் எழுதுகிறாளே என்று நினைக்காதீர்கள். என் மின்னஞ்சல்களை எனக்கு முன்பே யாரோ திறந்து படிக்கிறார்கள்.

அந்த நிறுவனம் கட்டிய அடுக்குமாடி ஒன்றிலிருந்து, "மூணாம்மாடிக்காரி" என்ற புனைபெயரில் ஒருத்தி வாரந்தோறும் எழுதுகிறாள். சமையலறைச் சுவரில் விரிசல். முதலில் நகம் நுழைந்ததாம். இப்போது கரண்டிக் காம்பு நுழைகிறதாம். சென்ற வாரம் படுக்கையறைக் கதவு சாத்தவே வரவில்லை. "கதவுக்கும் உன் குணம் வந்துடுச்சு" என்று புருஷன் சிரித்தானாம், அதையும் எழுதியிருக்கிறாள்.

அதே கட்டடத்தில் இன்னும் ஐந்து பேர் இதையே எழுதியிருக்கிறார்கள். முன்பென்றால் "எங்க வீட்லயும்தான்" என்று ஒருவருக்கொருவர் பதில் போட்டிருப்பார்கள். இப்போது ஒருவர் எழுதியது மற்றவர் கண்ணில் படுவதில்லை. எல்லாம் எண்ணூறாம் பக்கத்துக்கு அப்பால் கிடக்கின்றன. நிறுவனத்தின் மேலாளரிடம் கேட்டேன்.

"அக்கா, எதையாவது அழிச்சோமா? வரிசைய மாத்தினோம், அவ்வளவுதான். நல்லது முன்னாடி, புலம்பல் பின்னாடி. ஒப்பந்தம் உங்க வக்கீல் அண்ணன் எழுதினதுதானே?"

"யாராவது படிக்கிறீங்களா?" என்று கேட்டே மூணாம்மாடிக்காரி ஒவ்வொரு பதிவையும் முடிக்கிறாள். நான் ஒருத்திதான் படிக்கிறேன். அவள் வீட்டு எண் என்னிடம் இருக்கிறது. போய், வீட்டைக் காலி செய்யச் சொல்லட்டுமா?

தங்கை


ஏப்ரல் 23

அன்புத் தங்கைக்கு,

போகாதே. வரிசையைப் பற்றி ஏழாம் பிரிவு மௌனமாக இருப்பது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீ பொறியியல் படித்தவளில்லை. அது வெறும் பூச்சு வெடிப்பாகவும் இருக்கலாம். நீ சொல்லி, சுவர் விழாமல் நின்றுவிட்டால், தொகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளோடு தெருவில் நிற்பவள் நீதான். எனக்குத் தெரிந்த பொறியாளர் ஒருவரிடம் எழுத்துபூர்வமான கருத்தைக் கேட்டிருக்கிறேன். பத்து நாள் பொறு. பதறாத காரியம் சிதறாது.

உன் நலம் நாடும் அண்ணன்


மே 6

அண்ணாவுக்கு,

பொறுத்தேன். ஒன்பதாம் நாள் காலை, கோடை வகுப்பு வண்டி வரும் நேரத்தில், அந்தச் சமையலறைப் பக்கச் சுவர் இடிந்து இறங்கிவிட்டது. மூணாம்மாடிக்காரியின் புருஷன் பிள்ளையை வண்டியேற்றக் கீழே வந்திருந்தான். அவள் சமையலறையில் இருந்தாள்.

அக்கட்டடத்தின் முதல் பக்கத்தில் இன்றும் ஐந்து நட்சத்திரங்கள். "காற்றோட்டமான வீடு" என்று யாரோ எழுதியிருக்கிறார்கள். மேலாளர் பதறவில்லை. "விசாரணை வந்தா வரட்டும்க்கா. அந்தம்மா எழுதினது அத்தனையும் அப்படியே இருக்கு. நாங்க மறைச்சோம்னு யாரும் சொல்ல முடியாதே!"

அவர்களுடைய மற்றக் கட்டடங்களில் "விரிசல்" என்று எழுதியவர்களைத் தேடினேன். அறுபத்தொரு பேர். முகவரிகளைக் கையால் எழுதி எடுத்துக்கொண்டேன். இன்று காலையிலிருந்து கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன். நான்காவது வீட்டின் படிக்கட்டில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். உங்கள் அனுமதியைக் கேட்டு அல்ல.

ஏப்ரல் 23ஆம் தேதிக் கடிதத்தை விசாரணை அதிகாரியிடம் ஒப்படைத்துவிட்டேன். கூடவே என் வாக்குமூலத்தையும். பொறுக்கச் சொன்னவர் பெயரும் பொறுத்தவள் பெயரும் இப்போது ஒரே கோப்பில் இருக்கின்றன.

தங்கை