ஒரு பூவுக்கு இரண்டு வெயில்

ஆகஸ்ட் 4, திங்கள்

என் மருமகள் மேகலா இந்த நோட்டை வாங்கிக் கொடுத்தாள். "தினமும் நாலு வரி எழுதுங்க மாமா, அப்பதான் கை ஓடும்" என்றாள். நாலு வரிக்கு எனக்கு அரை மணி ஆகிறது. ஆகட்டும். எழுபத்தொரு வயதில் எனக்கு வேறென்ன அவசரம்?

இன்று லஸ் முனையில் ஒரு போர்டையும் விடவில்லை. பல் டாக்டர். ஜெராக்ஸ். இவ்விடம் பால்காயம் கிடைக்கும். எல்லாவற்றையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே நடந்தேன். எதிரே வந்த ஒரு பெண் கொஞ்சம் ஒதுங்கிப் போனாள். என் சந்தோஷம் அவளுக்கு எப்படித் தெரியும்?

ஆகஸ்ட் 6, புதன்

சாந்தோம் வகுப்பில் பெரியவர்கள் பன்னிரண்டு பேர் எழுத்துப் படிக்கிறோம். சோஃபியா மிஸ் இன்று ஒரு வேலை கொடுத்தார். அடுத்த வருடத்துக்கு ஒரு காலண்டர். ஆளுக்கு ஒரு மாதம், ஆளுக்கு ஒரு பூ. டேப்பில், அதாவது சிலேட்டு அகலத்துக்கு இருக்கும் போன் மாதிரி ஒன்றில், கட்டம் கட்டமாக வண்ணம் நிரப்ப வேண்டும். முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டு கட்டம், எட்டு வண்ணம், அதற்கு மேல் கிடையாது. பூவுக்குக் கீழே அவரவர் பெயரை அச்சடிப்பார்களாம். இருப்பதில் நல்ல படம் அட்டைக்கு.

தி.நகர் புடவைக் கடையில் முப்பத்தி நாலு வருடம் லிஃப்ட் ஓட்டினேன். முதல் மூன்று வருடம் சட்டையில் நான் குத்தியிருந்த பேட்ஜில் நாகராஜ் என்று இருந்திருக்கிறது. எனக்கு முன்னால் இருந்த ஆளின் பேட்ஜ். யாரோ சிரித்தபோதுதான் தெரிந்தது.

மாசிலாமணி என்று அச்சில் வர வேண்டும். அட்டையில் வர வேண்டும்.

ஆகஸ்ட் 11, திங்கள்

எனக்கு செம்பருத்தி. போட்டேன். மிஸ் பார்த்துவிட்டு, "ஐயா, நடுவுல வெளிச்சம், சுத்தி இருட்டு. தலகாணி மாதிரி உப்பிட்டு இருக்கு. வெயில் எந்தப் பக்கம் அடிக்குதுன்னு முதல்ல முடிவு பண்ணுங்க" என்றார். பின்னால் நான் அப்பியிருந்த நீலத்தைப் பார்த்து காஸ்பர் சொன்னான்: "இன்னா நைனா, பூவ செவுத்துல ஒட்டி வச்சிக்கிறியா?" அவனும் எங்கள் வகுப்புதான், பட்டினப்பாக்கத்தில் மீன் பிடிக்கிறவன். வாய் அதிகம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

கோபாலபுரத்தில் ஒரு பங்களாச் சுவருக்கு மேலே செம்பருத்தி எட்டிப் பார்க்கிறது. அரை மணி நேரம் அதையே பார்த்தபடி நின்றேன். வாட்ச்மேன் வந்துவிட்டார்.

"பெரியவரே, பூ பறிக்கப் போறியா?"

"இல்லபா, நெழலு பாக்கறேன்."

என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் கிட்டே போட்டு உட்கார்ந்துகொண்டார்.

வெயில் படும் இதழ் ஆரஞ்சுக்குப் போகிறது. மறுபக்கத்து இதழ் கருப்பாகவில்லை, ஊதாவுக்குப் போகிறது. ஓர் இதழின் நிழல் அடுத்த இதழின் மேல் விழுகிறது. இத்தனை வருடமாக நான் பூவையே பார்த்ததில்லை போலிருக்கிறது.

ஆகஸ்ட் 18, திங்கள்

பூ வந்துவிட்டது. வெயிலை வலது பக்கம் வைத்தேன். மிஸ்ஸே டேப்பைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஆனால் பின்னணி வரவில்லை.

எனக்கும் ஜமீலுன்னிசாம்மாவுக்கும் சேர்த்து ஒரே டேப். ஐஸ்ஹவுஸில் ரவிக்கைக்கு நூல்வேலை போடுகிறவர். அந்தம்மாவின் மல்லிகைக்குப் பின்னால் மாலை வானம் இருக்கிறது. நீலமும் வெள்ளையும் மட்டும்தான். ஒரு கட்டம் நீலம், ஒரு கட்டம் வெள்ளை என்று மாற்றி மாற்றி வைத்திருக்கிறார். தள்ளிப் பிடித்துப் பார்த்தால் இரண்டும் கலந்து, இல்லாத ஒரு மூன்றாவது வண்ணம் தெரிகிறது. இருட்டுப் பக்கம் போகப் போக வெள்ளைப் புள்ளிகள் விலகிப் போகின்றன. கோடே தெரியவில்லை.

ஆகஸ்ட் 20, புதன்

நானும் புள்ளி வைத்தேன். வானத்துக்கு அம்மை போட்ட மாதிரி இருக்கிறது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

படம் கொடுத்துவிட்டேன். எல்லோரும் கை தட்டினார்கள். அட்டைக்கு என் படம்தான் என்று மிஸ் சொன்னார். மேகலா கேசரி கிண்டினாள்.

ஆகஸ்ட் 23, சனி

நேற்று எழுதியது பாதிதான்.

டேப்பில் படம் போடும் செயலியில் பூ ஒரு தாள், பின்னணி அதற்கு அடியில் இன்னொரு தாள். நேற்று ஜமீலாம்மா வரவில்லை, பேத்திக்கு ஜுரம். நான் அவருடைய படத்தைத் திறந்து, அடித்தாளை மட்டும் நகல் எடுத்து, என் பூவுக்குக் கீழே வைத்தேன். விரலால் இரண்டு தட்டுத்தான். "பின்னணி நீங்களா போட்டீங்க ஐயா?" என்று மிஸ் கேட்டார். தலையாட்டினேன். வாயால் சொல்லவில்லையே என்று நேற்று முழுக்க எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆட்டிய தலையும் என்னுடையதுதானே?

ஆகஸ்ட் 25, திங்கள்

இன்று ஜமீலாம்மா தன் மல்லிகையைத் திறந்தார். காஸ்பர் எட்டிப் பார்த்தான். "இன்னா ஜமீலாம்மா, நைனா வானத்த அப்டியே உருவிட்ட? ஒரு நாள் லீவு போட்டுட்டு வந்து இதான் பண்ணியா?" எல்லோரும் சிரித்தார்கள். மிஸ்கூட, "பாத்துப் பழகறது நல்லதுதான், ஆனா உங்களுதா போடுங்கம்மா" என்றார்.

நான் குனிந்துகொண்டேன். பென்சில் சீவினேன்.

வெளியே செருப்புப் போடும்போது அந்தம்மா என் பக்கத்தில் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"அண்ணே, உன் பூவுல வெயிலு வலதுபக்கம் அடிக்குது. பின்னால வானத்துல இடதுபக்கம் அடிக்குது. உன் ஊட்டாண்ட ரெண்டு சூரியனா?"

"அது... ஜமீலாம்மா..."

"நா இடதுபக்கம்தான் வப்பேன். எங்கூட்டு ஜன்னலு அந்தப் பக்கம்தான் கீது."

போய்விட்டார். பஸ்ஸில் ஒரு போர்டையும் படிக்கவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஜமீலாம்மா படம் கொடுத்துவிட்டார். மல்லிகைக்குப் பின்னால் முழுக்கக் கருப்பு. ஒரு புள்ளிகூட இல்லை. "ஏம்மா அழிச்சிட்டீங்க?" என்று மிஸ் கேட்டதற்கு, "இதே போதும் மிஸ்" என்றார்.

தான் போட்ட வானத்தைத் தானே வைத்துக்கொள்ள முடியவில்லை. வைத்தால் திருட்டு என்பார்கள். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

மாசிலாமணி, நீ என்ன மனுஷன்டா.

செப்டம்பர் 1, திங்கள்

இன்று சொல்லிவிடுவது என்றுதான் போனேன். மிஸ்ஸிடம் சொன்னது இது: "அட்டைக்கு அந்தம்மா படத்தப் போடுங்க மிஸ். எனக்கு வயசாயிடிச்சி, எனக்கெதுக்கு?" மிஸ்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்க மனசு யாருக்கு வரும் ஐயா" என்றார். திரும்பினால் ஜமீலாம்மா வாசலில் நிற்கிறார். கேட்டுவிட்டார்.

திருடினேன். இப்போது தானம் வேறு செய்கிறேன்.

செப்டம்பர் 3, புதன்

மேகலாவிடம் காலையில் சொன்னேன். அவள் திட்டவில்லை. பெருங்குடி ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டே, "நாலு பேர் முன்னாடி அவங்களப் பாத்து சிரிச்சாங்கல்ல மாமா, அந்த நாலு பேர் முன்னாடிதான் சொல்லணும்" என்றாள். டிபன் பாக்ஸை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

வகுப்பில் எழுந்தேன். பேச வரவில்லை. சாக்பீஸை எடுத்து போர்டில் எழுதினேன்.

வானம் ஜமீலுன்னிசா போட்டது. நான் எடுத்தேன். கேட்கவில்லை. மிஸ்ஸிடம் பொய் சொன்னேன்.

எழுதி முடிக்க எவ்வளவு நேரம் ஆனதோ. முதுகுக்குப் பின்னால் ஒவ்வொருவரும் எழுத்துக் கூட்டிப் படிப்பது கேட்டது. என்னை மாதிரிதானே அவர்களும், மெதுவாகத்தான் படிப்பார்கள். கடைசி வரி வரைக்கும் பதினோரு பேர் வாயிலும் வந்துபோனேன். காஸ்பர்தான் முதலில் முடித்தான். "தப்பா பேசிட்டேன் ஜமீலாம்மா" என்று அவன் சொன்னான். அவனுக்கு இருந்த தைரியம் எனக்கு ஒன்பது நாளாக இல்லை.

ஜமீலாம்மா பையை எடுத்துக்கொண்டு வேறு பெஞ்சுக்குப் போனார்.

செப்டம்பர் 5, வெள்ளி

அட்டைக்கு அவருடைய மல்லிகை. என் படத்திலிருந்து எடுத்துத் திருப்பி வைத்த அவருடைய வானத்தோடு. என் செம்பருத்தி ஜூலைக்கு, ஆனால் பின்னணி நானே போட வேண்டும். பெயரே வேண்டாம் என்றேன். "செஞ்சதுக்குப் பேர் போட்டுத்தான் ஆகணும் ஐயா" என்றார் மிஸ். அவர் குரலில் பழைய இனிப்பு இல்லை. நியாயம்தான்.

செப்டம்பர் 19, வெள்ளி

பதினோராவது தடவை. வெள்ளையிலிருந்து நீலத்துக்கு ஒரே தாவலாகப் போகக் கூடாது. முதலில் நாலு கட்டத்துக்கு ஒரு நீலம், பிறகு இரண்டுக்கு ஒன்று, பிறகு நாலுக்கு மூன்று. அவசரப்பட்டால் கோடு கோடாகத் தெரிகிறது. வெளிச்சத்தை வலது பக்கம் வைத்தேன், பூவுக்கும் வானத்துக்கும்.

செப்டம்பர் 24, புதன்

கொடுத்துவிட்டேன். யாரும் கை தட்டவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

காலண்டர் வந்தது. அட்டையில் மல்லிகை, கீழே ஜமீலுன்னிசா. கூட வந்திருந்த அவருடைய பேத்தி அதைக் கையைவிட்டுக் கொடுக்கவே இல்லை.

ஜூலையில் நான். மாசிலாமணி. பெயரைப் பார்த்ததும் சந்தோஷப்படலாமா என்று யோசித்தேன், அதற்குள் சந்தோஷம் வந்துவிட்டது, கூடவே மற்றதும் வந்தது. மூடி வைத்தேன்.

எல்லோரும் டீக்குப் போனபோது ஜமீலாம்மா என் பெஞ்சுக்கு வந்தார். செப்டம்பரிலிருந்து என்னோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. என் காலண்டரை எடுத்து ஜூலையைப் புரட்டி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"வெயிலு ஒரே பக்கம் வந்துகீது" என்றார். "கீழ் மூலையிலதான் புள்ளியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கினு கீது."

அந்த மூலை எனக்குத் தெரியும். எட்டு வாரமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

"எந்த மூலை ஜமீலாம்மா?" என்று கேட்டேன்.

அவர் உட்கார்ந்து, விரல் வைத்துக் காட்டினார்.